ஆர்லோ டன்னிங்குக்கு மூன்று வேட்டு

ஆர்லோ டன்னிங் பிப்ரவரியில் இறந்தார். எங்கள் லூமிஸ் டவுன்ஷிப்பில் பிப்ரவரியில் யாரையும் புதைக்க முடியாது. பென்சில்வேனியாவின் இந்த வடக்கு மேட்டில் அப்போது தரை கல்லாக இறுகிக் கிடக்கும். கல்லறைத் தோட்டத்து வாசலருகே சரிவைக் குடைந்து கட்டிய ஒரு கல் அறை உண்டு. குளிர்காலத்தில் செத்தவர்கள் பெட்டியோடு அதற்குள் காத்திருப்பார்கள். மண்வெட்டி இறங்கும் காலம் வந்ததும் வெளியே எடுத்துப் புதைப்போம். ஆக, ஆர்லோவின் சாவுக்கும் அடக்கத்துக்கும் நடுவே இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் ஊர் ஒரே கேள்வியை மென்றுகொண்டிருந்தது. ஆர்லோவுக்கு வேட்டு உண்டா, இல்லையா?

போருக்குப் போய்வந்தவர் யார் இறந்தாலும் எங்கள் ஊரில் ஏழு பேர் துப்பாக்கியோடு நின்று மூன்று முறை வெற்றுத் தோட்டா வெடிப்போம். எல்லோரும் முன்னாள் படைவீரர்கள்தான். தலைவர் வந்து நின்று கட்டளை கொடுத்தால்தான் வேட்டு. அவர் வராவிட்டால் இல்லை. வேறொருவர் அந்த இடத்தில் நிற்கும் வழக்கமே கிடையாது. உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து இங்கே எத்தனையோ படைவீரர்களைப் புதைத்திருக்கிறோம். வேட்டில்லாமல் குழியில் இறங்கியவன் ஒரே ஒருவன். படையை விட்டு ஓடிவந்தவன். அவன் குடும்பம் அடுத்த அறுவடைக்குள் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனது. அவர்கள் பெயர்கூட இப்போது ஒரு ஓடைக்குத்தான் மிச்சம்.

வேட்டுக் குழுவின் தலைவர் வேர்ன் ஹாஸ்கின்ஸ். "ஆர்லோவுக்கு நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

காரணம் ஊருக்கே தெரியும், அல்லது தெரியும் என்று ஊர் நினைத்தது. வியட்நாம் போர் வரைக்கும் எந்தப் பையனைப் படைக்கு அனுப்புவது, யாரை வீட்டில் விட்டுவைப்பது என்று தீர்மானித்தவர்கள் எங்கோ தலைநகரில் இருந்தவர்கள் அல்லர். அந்தந்த வட்டாரத்துக்காரர்கள் ஐந்து பேர் கொண்ட குழு. சம்பளம் கிடையாது. எங்கள் பக்கத்திலிருந்து அந்த ஐவரில் ஒருவராக ஆர்லோ இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். 1967 இலையுதிர் காலத்தில் இரண்டு பையன்கள் ஒரே பேருந்தில் நியூயார்க் மாநிலத்து பஃபலோவுக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனார்கள். ஒருவன் வேர்னின் ஒரே மகன் லைல். இன்னொருவன் ஆர்லோவின் மகன் கீத். கீத்துக்கு இடது காது கேட்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லைல் போனான். அடுத்த கோடையில் பெட்டியில் வந்தான்.

அன்றிலிருந்து ஊர் கீத்தின் இடது காதைச் சோதித்துக்கொண்டிருக்கிறது.

நான் பால் லாரி ஓட்டுகிறேன். கொரியாவுக்குப் போய்வந்தவன் என்பதால் வேட்டுக் குழுவில் எனக்கும் ஒரு துப்பாக்கி உண்டு. பண்ணை பண்ணையாகப் போகிறவன் காதில் எல்லாம் விழும். காலை உணவுக்கடையில் கீத் உட்கார்ந்தால் யாராவது ஒருவன் தட்டை நகர்த்திக்கொண்டு அவன் இடப்பக்கம் போய் உட்காருவான். உதடு அசையாமல் எதையாவது முணுமுணுப்பான். "கீத், உன் வண்டில தீ புடிச்சிருக்கு." கீத் அப்பம் தின்றுகொண்டிருப்பான். "நல்ல நடிகன்யா" என்பான் அவன் எங்களிடம். கீத்தின் கல்யாணத்தன்று பாதிரியார் எந்தப் பக்கம் நின்று கேள்வி கேட்டார் என்பதைக்கூடக் குறித்து வைத்திருந்தவர்கள் உண்டு.

இன்னொரு வதந்தியும் இருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் அரை மாட்டுக்கறி நியூயார்க் எண்பலகை மாட்டிய நீலக் காரில் ஏறிப் போனதாம். பஃபலோ டாக்டருக்காம். கறியை நான் பார்க்கவில்லை. நீலக் காரைப் பார்த்தேன், ஆர்லோவின் முற்றத்தில். யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. சந்தேகத்துக்குப் பதில் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது துணை. அது எங்கள் ஊரில் தாராளமாகக் கிடைத்தது.

ஆர்லோவைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியவை குறைவு. 1914இல் அதே பண்ணை வீட்டில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி மலைகளில் கோவேறு கழுதைகளை ஓட்டினார். மேலே போகும்போது அவற்றின் முதுகில் தோட்டாப் பெட்டி. கீழே வரும்போது செத்தவர்கள். திரும்பி வந்த வாரமே அப்பா வைத்திருந்த இரண்டு வண்டிக் குதிரைகளையும் கொடுத்துவிட்டு டிராக்டர் வாங்கினார். அதன்பிறகு அந்தப் பண்ணையில் சேணம் பூட்டும் மிருகம் எதுவும் இருந்ததில்லை. கொரியப் போர் சமயத்தில் அந்த ஐவர் குழுவில் ஓர் இடம் காலியானது. யாரும் முன்வரவில்லை. அவர் உட்கார்ந்தார்.

பையன்களை ஏற்றிக்கொண்டு பேருந்து கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் அவர் போய் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. கை கொடுப்பார், பேச மாட்டார். சில தாய்மார்கள் அந்தக் கையைத் தட்டிவிட்டதுண்டு. மறுமுறையும் வந்து நிற்பார். லைல் இறந்த செய்தி வந்த அன்று ஒரு முழுப் பன்றித்தொடையை எடுத்துக்கொண்டு ஹாஸ்கின்ஸ் வீட்டுக்குப் போனார். வேர்ன் கதவைச் சாத்தினார். இறைச்சி படிக்கட்டிலேயே இருந்தது. நாய் இழுத்துக்கொண்டு போனது. ஆர்லோ ஐவர் குழுவின் அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போனார்.

ஒருமுறை அவர் தொட்டியிலிருந்து பால் ஏற்றும்போது கேட்டேன்.

"ஆர்லோ, இன்னும் எதுக்கு அந்த நாற்காலி? விட்டுத் தொலையேன்."

"நான் எழுந்தா இன்னொருத்தன் உக்காருவான், ராய்ஸ்."

"உக்காரட்டுமே."

"அவன் கொட்டகைக்கு வந்து பாக்க மாட்டான். காகிதத்த மட்டும் பாப்பான்."

அது நேர்மையா, நாற்காலி ஆசைக்கு நல்ல பெயரா? நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை.

கொட்டகைக்கு வருவது என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். கறவை மாடுகள் இத்தனை இருந்து, மகன் இல்லாமல் தகப்பனால் பண்ணையை நடத்த முடியாது என்றால், அந்த மகனை ஐவர் குழு வீட்டில் விட்டுவைக்கலாம். சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் லூமிஸில் அதைக் கேட்கிறவன் இல்லை. ஒவ்வொரு போருக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு ஆள் கொடுக்கும். அதுதான் இங்கே மானம். இரண்டாம் உலகப் போரில் ஒருவர் மாட்டைக் காட்டி மகனை நிறுத்திக்கொண்டார். அவருடைய தபால் பெட்டிக்கு யாரோ மஞ்சள் சாயம் பூசினார்கள், இங்கே அது கோழையின் நிறம். அவர் சுரண்டச் சுரண்ட மறுபடி பூசினார்கள்.

மார்ச் கடைசியில் ஒருநாள் காலை கடையில் கீத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தீவனக்கடை ஹோபர்ட், எங்கள் வேட்டுக் குழுவில் அவனும் ஒருவன், காப்பிக் கோப்பையோடு எழுந்து கீத்தின் இடப்பக்கம் போனான்.

"உங்கப்பன் அந்தக் கல் அறைக்குள்ள குளிருதுன்னு கத்தறானாம்" என்று கோப்பைக்குள் சொன்னான்.

எனக்குக் கேட்டது. கீத் அப்பத்தின் மேல் மேப்பிள் பாகு ஊற்றிக்கொண்டிருந்தான். கொஞ்சம் அதிகமாக ஊற்றுகிறான் என்று எனக்குப் பட்டது. அல்லது அவன் எப்போதும் அவ்வளவு ஊற்றுகிறவனா? இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் அதை நான் கவனித்ததில்லை. காதை மட்டும்தான் கவனித்திருக்கிறேன்.

"ராய்ஸ்," என்றான் கீத், "அடக்கத்துக்கு முந்தின வாரம் நீங்க ஹாஸ்கின்ஸ் வீட்டுக்குப் பால் எடுக்கப் போறப்ப நானும் வரேன். தனியாப் போனா வாசல்லயே நிறுத்திடுவாரு."

"வந்து?"

"கேக்கப் போறேன். வேட்டு இல்லாம அப்பாவ இறக்கினா, அப்பறம் நான் இந்த ஊர்ல பால் கறக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த ஓடையின் பெயரும் தெரியும்.

ஏப்ரலில் பனி உருகி, பாதையெல்லாம் சேறாகி, லாரி புதையப் புதைய ஹாஸ்கின்ஸ் பண்ணைக்குப் போனோம். வேர்ன் காலைக் கறவையின் கடைசி மாடுகளில் இருந்தார். அறுபத்தெட்டு வயதில் இரண்டு மாடுகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து இயந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஐவா பக்கத்துப் பால் அறையில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள், நடுக்கதவு திறந்திருந்தது. நான் தொட்டியில் குழாயைப் பொருத்தினேன். கீத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான்.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், சனிக்கிழமை குழி வெட்டறாங்க."

"வெட்டட்டும்."

"நீங்க வரணும்."

"எதுக்கு? மண் தள்ளவா? அதுக்குன்னா வரேன், மண்வெட்டி நானே கொண்டாரேன்."

"அப்பா இத்தாலியில ரெண்டு குளிர்காலம் இருந்தாரு. வேட்டு அதுக்குத்தான். அந்தக் குழுவுல உக்காந்ததுக்கு நான் கேக்கல."

"இத்தாலி கதை எனக்கு வேணாம். நானும் பிலிப்பைன்ஸ்ல சேறு மிதிச்சவன்தான்." வேர்ன் மாட்டின் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆமா இல்லன்னு சொல்லு. உன்ன நிறுத்தினது உன் காதா, உங்கப்பனா?"

கீத் தொப்பியை மறு கைக்கு மாற்றினான். 

"தெரியாது" என்றான்.

"என்னது?"

"தெரியாதுன்னேன். சின்ன வயசுல தட்டம்மை வந்து இந்தக் காது போச்சு. அது நெசம். ஆனா மொத்தமாப் போச்சான்னு எனக்கே தெரியாது. சில நாள் ஏதோ கேக்கற மாதிரி இருக்கும். பஃபலோல எனக்கு முன்னாடி நின்னவன ரொம்ப நேரம் பாத்தாங்க. என்ன ஒரு நிமிஷம் பாத்துட்டு வீட்டுக்குப் போன்னாங்க. ஏன்னு அப்பாவ நான் கேக்கல."

"பத்தொம்பது வருஷத்துலயா?"

"கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயம்."

வேர்ன் வாயைத் திறந்தார். அதற்குள் பால் அறையிலிருந்து ஐவாவின் குரல் வந்தது.

"பரவால்ல. இவனாவது கேக்கலன்னு ஒத்துக்கறான்."

"ஐவா, நீ வாளியக் கழுவு."

"கழுவிட்டுத்தான் இருக்கேன். நீ ஆர்லோவத் திட்டத் திட்ட நான் கழுவிட்டேதான் இருக்கேன்." ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றாள். "லைலப் படைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி ஆர்லோ இதோ, கீத் நிக்கற இதே எடத்துல நின்னான். இதே மாதிரி தொப்பியக் கழட்டிட்டு. 'வேர்ன், லைல் இல்லாம இத்தன மாட்டையும் உன்னால சமாளிக்க முடியுமா'ன்னான். நீ என்ன சொன்ன?"

வேர்ன் குனிந்து இயந்திரக் குழாயை நிமிர்த்தினார்.

"'ஒத்தக் கையால சமாளிப்பேன், மத்தக் கைய வேணா உன் கொட்டகைக்கு அனுப்பட்டுமா, அங்க நாத்தம் ரோடு வரைக்கும் வருது'ன்ன. சொல்லிட்டு நீயே சிரிச்ச. ஆர்லோ சிரிக்கல. திரும்பவும் கேட்டான். திரும்பவும் அதேதான். அப்பறம் வண்டில ஏறி உக்காந்து, கண்ணாடிய எறக்கிட்டு மறுபடி கேட்டான். நீ மாட்டு முதுகுல ஒரு தட்டு தட்டி, 'ஹாஸ்கின்ஸ் வீட்டுல ஆள் கேட்டா ஆள் குடுப்போம், மாட்டக் காட்ட மாட்டோம்'ன்ன." அவள் மேலே பரணைக் காட்டினாள். "லைல் அங்க வைக்கோல் தள்ளிட்டிருந்தான். கொஞ்ச நேரம் தள்ளறத நிறுத்திட்டான். அப்பறம் தள்ளினான்."

"அவனுக்குக் கண்ணு இல்லயா?" வேர்னின் குரல் கொட்டகையில் மோதியது, ஒரு மாடு காலை மாற்றிக்கொண்டது. "மாட்ட எண்ணத் தெரியாதா அவனுக்கு? என்ன எதுக்குக் கேட்டான்? எண்ணிட்டுப் போயி எழுத வேண்டியதுதான?"

"அதையும் நான் நெனச்சிருக்கேன்" என்றாள் ஐவா. "அவன் மேலயும் எனக்குக் கோவம்தான். எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோவம். நீதான் ஒருத்தனோட நிறுத்திக்கிட்ட."

வேர்ன் மறுபடி மாடுகளுக்கு நடுவே உட்கார்ந்தார். முழங்கால் மடங்க நேரமாயிற்று.

"ராய்ஸ், பால் ஏத்தியாச்சுன்னா கெளம்பு" என்றார், எங்கள் பக்கம் பாராமல்.

 திரும்பும் வழியில் நான் ஆர்லோவைப் பற்றி யோசித்துக்கொண்டு ஓட்டினேன். ஐவா சொன்னதை வைத்து அவரை நல்லவராக்கிவிடலாம். மூன்று முறை கேட்டார் அல்லவா? ஆனால் வேர்ன் கேட்டதும் சரிதான். ஊர்க்காரன் ஒருவன் வந்து ஒரு கர்வக்காரனைப் பார்த்து "உன்னால் முடியுமா" என்று கேட்பது கேள்வியே அல்ல. அதற்கு ஒரே பதில்தான் உண்டு என்பது எங்கள் ஊரில் பிறந்த ஆர்லோவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் மறுபடி மறுபடி கேட்டாரா? அல்லது பதில் அடுத்தவன் வாயிலிருந்து வந்துவிட்டால் தன் கை சுத்தம் என்று எண்ணினாரா? தன் மகன் விஷயத்தில் என்ன செய்தாரோ. நீலக் காரை நான் இன்னும் மறக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கொட்டகையில் நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர் அவரை விட்டுவிட்டு வேர்னைப் பிடித்திருக்கும். அது கருணையாக இருக்கலாம். தன்மேலேயே அவருக்கிருந்த சந்தேகமாகவும் இருக்கலாம்.

சனிக்கிழமை காற்று பலமாக அடித்தது. கல் அறையிலிருந்து பெட்டி வந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. துக்கத்துக்காக வந்தவர்கள் பாதிப் பேர் இருக்கலாம். நாங்கள் ஆறு பேர் வரிசையில் நின்றோம். ஓரத்தில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தோம். வேர்னின் துப்பாக்கியையும் நான் கொண்டுவந்திருந்தேன். முந்தின நாள் எல்லாத் துப்பாக்கிகளையும் படைவீரர் கூடத்தில் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டவன் நான்தான்.

"வர மாட்டான்" என்றான் ஹோபர்ட். "பந்தயம் கட்டறியா?"

"வாய மூடு."

பாதிரியார் முடிக்கிற சமயத்தில் ஹாஸ்கின்ஸ் வண்டி வாசலில் நின்றது. வேர்ன் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக இறங்கினார். பின்னால் ஐவா. அவர் யாரையும் பார்க்காமல் வந்து, என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, தன் இடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றார்.

அப்போது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கீத் இடம் மாறியிருந்தான். குழியைச் சுற்றி வந்து, இடது காது எங்கள் பக்கம் இருக்கும்படி நின்றான். பிறகு வலது உள்ளங்கையால் நல்ல காதை இறுக்க மூடிக்கொண்டான். ஊர் மொத்தமும் அவன் முகத்தைப் பார்த்தது. இத்தனை வருடச் சோதனைக்கும் இன்று முடிவு தெரிந்துவிடும் என்பதுபோல் பார்த்தது.

வேர்னைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"தயார்" என்றார். குரல் சுத்தமாக இருந்தது. "குறி. சுடு."

வெடித்தது. என் தோளில் அடி விழுந்தது. பக்கத்தில் வேர்னின் தோள் அசையவில்லை. அவர் துப்பாக்கியின் பூட்டை இழுத்தார். வெடிக்காத தோட்டா ஒன்று, முனை மடிப்புக் குலையாமல், அவர் பூட்ஸ் மேல் விழுந்தது. மறுபடி கட்டளை கொடுத்தார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறையும் அவர் விரல் விசைமேல் இருந்ததைப் பார்த்தேன். அது மடங்கவில்லை.

ஊதுகுழல் ஊதி முடிந்தது. கொடியை மடித்துக் கீத்திடம் கொடுத்தார்கள். வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு மூன்றைத் தலைவர் குடும்பத்தாரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். வேர்ன் சிரமப்பட்டுக் குனிந்து, புல்லிலிருந்து தன்னுடைய வெடிக்காத தோட்டாக்களைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு என் முன்னால் கையை நீட்டினார்.

"உன்னோடதக் குடு."

என் மூன்று கூடுகளையும் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் அவற்றைக் கொண்டுபோய்க் கீத்தின் கையில் வைத்தார். திரும்பி வந்து துப்பாக்கியை என்னிடம் நீட்டும்போது, "சிக்கிக்கிச்சு" என்றார்.

"பழைய துப்பாக்கி" என்றேன்.

வரிசை கலைந்ததும் ஹோபர்ட் கீத்தின் இடப்பக்கமாகப் போனான். "என்னப்பா, கேட்டுச்சா?" என்றான், சாதாரணக் குரலில். கீத் திரும்பினான். கேட்டுத் திரும்பினானா, ஆள் நிழல் பட்டுத் திரும்பினானா? கடையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் சாப்பாடு. பன்றித்தொடை, உருளைக்கிழங்கு சாலட், பெண்கள் கொண்டுவந்த பலகாரங்கள். கீத் நீள மேசையில் உட்கார்ந்திருந்தான். அவன் இடப்பக்கம் வழக்கம்போல் இரண்டு பேர். வலப்பக்கம் நாற்காலி காலி. வேர்ன் தட்டை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் தின்றார்கள்.

"இப்ப எத்தன கறவை?" என்றார் வேர்ன்.

"நாப்பது கிட்ட."

"ஒத்த ஆளாச் சமாளிக்க முடியுதா?"

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. கீத் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"முடியல, மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்."

வேர்ன் தலையை அசைத்தார். உப்புக் குப்பியை எட்டி எடுத்தார். சாலட்டில் தூவினார், தேவைக்கு மேல்.